விதைக்கு எடுத்துவைத்தது



நம் அலுவலகத்தில் பழைய சந்தாதாரர் பதிவேடு ஒன்று இருக்கிறது. கம்ப்யூட்டர் வருவதற்கு முன்னால் போட்டது. முதுகு பிய்ந்து, காக்கித் தாள் ஒட்டி, பீரோவின் அடித்தட்டில் கிடக்கிறது. போன மாதம் வேறு எதையோ தேடப் போய் அதை எடுத்தேன். அரியலூர்ப் பக்கங்கள் மட்டும் மற்ற ஊர்ப் பக்கங்களைப் போல இல்லை. ஒவ்வொரு முகவரியிலும் கடைசி வரியை அடித்து மேலே எழுதியிருக்கிறது, அதையும் அடித்து ஓரத்தில் எழுதியிருக்கிறது, அதையும் அடித்திருக்கிறது. இந்த ஊர்க்காரர்கள் என்ன, அடிக்கடி வீடு மாற்றுவார்களா என்று நினைத்தேன். ஒருவரும் மாறவில்லை. மாவட்டம்தான் மாறியிருக்கிறது.

1990-ல் அரியலூரில் பிறந்த ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். பிறந்தது திருச்சி மாவட்டத்தில். 1995 செப்டம்பர் 30-ல் பெரம்பலூர் தனி மாவட்டமாகப் பிரிந்தது. ஒன்றாம் வகுப்பிலேயே அவர் பெரம்பலூர் மாவட்டத்துப் பிள்ளை. 2001 ஜனவரி 1 அன்று அரியலூரே ஒரு மாவட்டம் ஆனது. ஊரெல்லாம் சந்தோஷம். ஒன்றேகால் வருஷம்தான். 2002 மார்ச் 31-ல் அதைக் கலைத்துப் பெரம்பலூரோடு சேர்த்துவிட்டார்கள். 2007 நவம்பர் 23-ல் மறுபடியும் அரியலூர் மாவட்டம். பதினேழு வயதுக்குள் ஐந்து முகவரி. வீட்டு வாசற்படி ஓர் அங்குலம் நகரவில்லை. திங்கட்கிழமை மனுவோடு கிளம்பும் ஜெயங்கொண்டத்துக்காரர், எந்த ஊருக்குப் பஸ் ஏறுவது என்று யோசித்திருப்பார். வண்டி எண்ணும் டிஎன் 45, டிஎன் 46, டிஎன் 61 என்று ஓடியது. இந்தக் காலத்தில் நிம்மதியாக இருந்தவர் போர்டு எழுதுகிறவர் ஒருவர்தான்.

பதிவேட்டை மூடி வைத்துவிட்டு அன்றைய கடிதங்களைப் பிரித்தேன். கொஞ்ச காலமாகவே ஒரு மாதிரியான கடிதங்கள்தான் வருகின்றன. கையெழுத்து வேறு, ஊர் வேறு, விஷயம் ஒன்று. வேலை போய்விட்டது. கடையை மூடும்படி ஆகிவிட்டது. பையன் வெளிநாட்டிலேயே தங்கிவிட்டான். டாக்டர் இனி வண்டி ஓட்டக் கூடாது என்கிறார். எழுதிவிட்டுக் கடைசியில், 'நினைக்காத நேரத்தில் இப்படி ஒன்று வந்தால் எப்படி வளைந்துகொடுப்பது, மனசை எப்படித் தேற்றிக்கொள்வது, ஆசிரியர் பக்கத்தில் எழுதக் கூடாதா?' என்று கேட்கிறீர்கள். ஆசிரியர் என்றால் பதில் கைவசம் இருக்கும் என்று நம்புகிற அன்புக்கு நன்றி. பதில் இருக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை. அடித்து அடித்து எழுதிய அந்தப் பக்கங்களால் பெரம்பலூர், அரியலூர்ச் சீமையே நினைவில் ஓடிக்கொண்டிருக்கிறது. அதையே எழுதுகிறேன்.

ஒரு சொல்லை முதலிலேயே ஒதுக்கிவைத்துவிடுகிறேன். 'எல்லாம் நன்மைக்கே.' யார் எழுதி அனுப்பினாலும் நான் சிவப்பு மையில் அடித்துவிடும் சொல் அது. 1956 நவம்பர் 23. ஆமாம், அதே நவம்பர் 23-தான். மாவட்டம் இரண்டாம் முறை பிறப்பதற்குச் சரியாக 51 வருஷம் முன்னால். அடைமழை. சென்னையிலிருந்து கிளம்பிய தூத்துக்குடி எக்ஸ்பிரஸ், அரியலூர் அருகே மருதையாற்றுப் பாலத்தில் ஏறியபோது, வெள்ளம் பாலத்தை ஏற்கெனவே அரித்திருந்தது. எஞ்சினும் பெட்டிகளும் ஆற்றில் விழுந்தன. 100-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ரயில்வே மந்திரி லால் பகதூர் சாஸ்திரி தார்மீகப் பொறுப்பேற்று ராஜினாமா செய்தார். சில மாதங்களுக்கு முன் மெகபூப்நகர் பக்கம் நடந்த விபத்துக்கே அவர் ராஜினாமாக் கடிதம் கொடுத்திருந்தார். அப்போது நேரு ஏற்கவில்லை, இந்த முறை ஏற்றார். அந்த ராஜினாமாவைப் பற்றி நாடு இன்றைக்கும் பேசுகிறது. நான் நினைப்பது ஆற்றங்கரையில் நின்றவர்களை. வந்துசேர வேண்டியவரைத் தேடி விடிய விடிய மழையில் நிற்கிறவரிடம் போய், எல்லாம் நன்மைக்கே என்று யாரால் சொல்ல முடியும்? பக்கத்தில் நிற்கலாம். குடை பிடிக்கலாம். நம் தவறு ஏதாவது இருந்தால் ஒப்புக்கொண்டு நாற்காலியை விட்டு எழுந்திருக்கலாம். அதற்கு மேல் பேச்சு கூடாது.

இன்னொரு விதமாகத் தேற்றுகிறவர்களும் உண்டு. 'காலம் பெரியது, நாமெல்லாம் தூசு' என்பார்கள். அதற்கு அத்தாட்சி கேட்டால் இந்தச் சீமையில் நிறையவே இருக்கிறது. ஆலத்தூர் பக்கம் சாத்தனூரில் ஒரு மரம் கல்லாகக் கிடக்கிறது. நீளம் 18 மீட்டர் அளவுக்கு, வயது ஏறத்தாழ 12 கோடி ஆண்டு. கடலுக்குள் போய் மூழ்கி, மணலும் சேறும் மூடி, மரம் இருந்த இடத்தில் தாது கொஞ்சம் கொஞ்சமாகக் குடியேறி அப்படியே கல்லாகிவிட்டது. 1940-ல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் எம்.எஸ்.கிருஷ்ணன் பார்த்து உலகுக்குச் சொன்னார். பெரம்பலூரில் ஏது கடல் என்று கேட்காதீர்கள், இருந்தது. காரைக் கிராமத்து ஓடைப் பள்ளங்களில் இன்றும் கடல் உயிர்களின் ஓடுகள் கல்லாகிக் கிடைக்கின்றன. அந்தக் கடல் விட்டுப்போன சுண்ணாம்புக்கல்லைத்தான் அரியலூர் சிமெண்ட் ஆலைகள் அரைத்துக்கொண்டிருக்கின்றன. நீங்கள் இருக்கும் வீட்டின் சுவரில்கூட அந்தக் கடலில் ஒரு கைப்பிடி இருக்கலாம். 2020-ல் குன்னம் பக்கம் ஓர் ஏரியில் மண் எடுத்தபோது உருண்டை உருண்டையாக ஏதோ கிடைத்தது. 'டைனோசர் முட்டை' என்று ஒரே நாளில் வாட்ஸ்அப் முழுக்கப் பரவியது. அப்புறம் புவியியல் தெரிந்தவர்கள் வந்து, இது கடற்படிவம், முட்டை இல்லை என்று சொல்ல வேண்டியதாயிற்று. எனக்கே கொஞ்சம் ஏமாற்றம்தான்.

ஆனால் 12 கோடி வருஷத்தை நினைத்துக்கொண்டு யாரும் தூங்க முடியாது. சொசைட்டி கடனுக்கு 12 நாளில் தவணை வருகிறது. எனவே கல்மரம் கிடக்கட்டும். அதே ஆலத்தூர் வட்டாரத்து வயலில் விளைகிற வெங்காயத்துக்கு வருகிறேன்.

சின்ன வெங்காயம் என்றால் தமிழ்நாட்டில் பெரம்பலூர் முன்வரிசை. செட்டிகுளம், பாடாலூர், இரூர், நாரணமங்கலம் என்று அந்தப் பக்கம் முழுக்க அதுதான். எழுபது நாள் அளவுக்கான பயிர். எழுபதே நாளில் மெத்தை வீடு கட்டவும் வைக்கும், தாலிக்கொடியை அடகு வைக்கவும் வைக்கும். நாலு நாள் கூடுதலாக மழை பெய்தால் காய் அழுகும். திருகல் நோய் வந்தால் தாள் முறுக்கிக்கொண்டு சாயும். அத்தனைக்கும் தப்பி நன்றாக விளைந்ததோ, எல்லார் வயலிலும் நன்றாக விளைந்திருக்கும், விலை இருக்காது.

இதுவாவது பழகிய சங்கடம். 2019-ல் நடந்ததைப் பாருங்கள். மகாராஷ்டிரத்தில் பெரிய வெங்காயத்துக்குத் தட்டுப்பாடு, விலை ஏறியது. செப்டம்பர் 29 அன்று டெல்லி வெங்காய ஏற்றுமதிக்கே தடை போட்டது. பெரியது, சின்னது என்று பிரித்துப் பார்க்கவில்லை. இலங்கைக்கும் மலேசியாவுக்கும் சிங்கப்பூருக்கும் போகிற நம் சாம்பார் வெங்காயமும் மாட்டிக்கொண்டது. நாசிக்கில் பெய்த மழையில் செட்டிகுளம் நனைந்தது. அதே ஆண்டு டிசம்பரில் எல்லாம் தலைகீழ். சின்ன வெங்காயம் கிலோ 100 ரூபாயைத் தாண்டி ஏறிக்கொண்டே போனது. ஆலத்தூர்ப் பக்கம் நடவுக்காக எடுத்துவைத்திருந்த விதை வெங்காயத்தைத் திருடிக்கொண்டு போய்விட்டார்கள் என்று பேப்பரில் செய்தி வந்தது. மூன்று மாதத்துக்கு முன்னால் விற்க வழியில்லாமல் விழித்த பொருளுக்குக் காவல் போட வேண்டிய நிலைமை!

இப்படி ஆடுகிற பயிரை வைத்துக்கொண்டு மனிதர் எப்படிப் பிழைக்கிறார்? அதற்குத்தான் பட்டறை. நகரத்து வாசகர்கள் கொல்லன் பட்டறையை நினைத்துக்கொள்ள வேண்டாம். அறுத்த வெங்காயத்தை நிழலில் உலர்த்தி, தரையில் படாதபடி கீழே உயரம் கொடுத்து, காற்று ஊடுருவிப் போகும்படி தட்டி அடைத்து, மேலே கீற்றுப் போட்டு நீளமாகக் குவித்து வைப்பார்கள். அதுதான் வெங்காயப் பட்டறை. பார்ப்பதற்கு வயலோரம் சின்னக் கூரை வீடு மாதிரி இருக்கும். அதில் போட்டுவிட்டால் சில மாதம் தாங்கும். அறுத்த அன்றைக்கே வந்த விலைக்குத் தள்ளிவிட வேண்டியதில்லை.

ஆனால் பட்டறை சும்மா காத்திருக்கும் இடம் என்று நினைக்கக் கூடாது. உள்ளே அழுகல் இருக்கிறதா என்று மூக்கை வைத்துப் பார்க்க வேண்டும். மழைக்கு மூடி வெயிலுக்குத் திறக்க வேண்டும். எடை நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வரும். அந்தக் கணக்கும் மனசில் ஓட வேண்டும். பெரிய சாமர்த்தியம் எப்போது பிரிப்பது என்பதில் இருக்கிறது. முழுசாகப் பிரித்துத் திருச்சி மண்டிக்கு ஏற்றிவிட்டு, அடுத்த வாரம் விலை ஏறினால் வயிறு எரியும். பிரிக்காமலே வைத்திருந்து விலை விழுந்தால் அதைவிட எரியும். அனுபவஸ்தர் பாதியைப் பிரிப்பார். அதை விற்றுக் கூலியையும் கடனையும் பார்ப்பார். மீதி கிடக்கும். ஏறினாலும் அவருக்குக் கொஞ்சம் உண்டு, இறங்கினாலும் முழுக்கப் போகவில்லை. நாளைக்கு என்ன விலை என்று தெரியாது என்பதை ஒப்புக்கொண்ட ஒருவர் செய்கிற காரியம் அது. வளைந்துகொடுப்பது என்று நீங்கள் எழுதியிருந்தீர்களே, அந்தச் சொல்லைப் படித்ததும் எனக்கு நாணல் ஞாபகம் வரவில்லை. பாதி பிரித்த பட்டறைதான் ஞாபகம் வந்தது.

இன்னும் ஒன்று. சின்ன வெங்காயத்துக்குப் பெரும்பாலும் வெங்காயமேதான் விதை. ஓர் ஏக்கர் நட 600 கிலோ அளவுக்கு வேண்டும். (கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தின் கோ 5 ரகம் வந்த பிறகு, விதையைத் தூவி நாற்றுவிட்டும் நடுகிறார்கள், விதை வெங்காயம் எட்டாத விலைக்குப் போகும் வருஷங்களில் அது ஒரு வழி.) அதனால் பட்டறையில் கிடப்பதில் ஒரு பங்கு விற்கிற வெங்காயம், ஒரு பங்கு விதை வெங்காயம். இரண்டுக்கும் உருவத்தில் ஒரு வித்தியாசமும் கிடையாது. பையில் அள்ளிப் போட்டால் வியாபாரி வாங்கிக்கொள்வார். கிலோ 100 ரூபாய் விற்கும்போது 600 கிலோ என்றால் 60,000 ரூபாய். பள்ளிக்கூடத்துக்குப் பணம் கட்ட வேண்டும், மச்சினன் கல்யாணத்துக்கு மொய் வைக்க வேண்டும், மோட்டார் ரிப்பேர். இத்தனைக்கும் நடுவே அந்த 600 கிலோ தொடாமல் கிடக்கிறது.

நேர்மறை எண்ணம், நல்ல நோக்கு என்று நாம் பெரிய வார்த்தையில் சொல்வதைக் கண்ணால் பார்க்க முடியுமானால், கையால் தொட முடியுமானால், அது இந்தக் குவியல்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. அந்த வீட்டுக்காரர் சிரித்த முகமாக இருக்க வேண்டும் என்பதில்லை. வாய் நிறையப் புலம்பிக்கொண்டே இருக்கலாம். அரசாங்கத்தைத் திட்டலாம், வானத்தைத் திட்டலாம், வியாபாரியை நிச்சயம் திட்டுவார். ஆனால் புலம்பிக்கொண்டே விதைக்கு எடுத்துவைத்திருக்கிறார் பாருங்கள். அடுத்த பட்டம் வரும், ஈரம் வரும், நான் நடுவேன் என்று அவர் வாயால் சொல்லவில்லை; பட்டறை சொல்கிறது.

மக்காச்சோளத்தின் கதை வேறு. அங்கே எடுத்துவைப்பது பொருளை இல்லை, இடத்தை. பெரம்பலூரின் கரிசல் மானாவாரியில் பருத்திக்கு ஈடாக மக்காச்சோளம் பரவியிருக்கிறது. கோழித் தீவனத்துக்குப் போகிற பயிர். 2018-ல் படைப்புழு வந்தது. அமெரிக்கக் கண்டத்துப் பூச்சி. 2016-ல் ஆப்பிரிக்காவில் கண்டார்கள், 2018-ல் கர்நாடகத்தில், அதே ஆண்டு மழைக்காலத்தில் பெரம்பலூர், அரியலூர்ச் சோளக்காட்டில். பகலில் புழு குருத்துக்குள் ஒளிந்துகொள்ளும். மேலே மருந்து அடித்தால் உள்ளே அதற்கு ஒன்றும் ஆகாது. விடிந்து பார்த்தால் குருத்தில் மரத்தூள் கொட்டியது மாதிரி எச்சம். அதுவரை சோளம் என்றால் விதைத்துவிட்டு நிம்மதியாக இருக்கலாம் என்ற பெயர். அந்த ஒரு பருவத்தில் அது போனது. இருந்த மருந்தையெல்லாம் அடித்துப் பார்த்தும் காட்டை அப்படியே மாட்டுக்கு விட்டவர்கள் உண்டு.

பிறகு வேளாண் பல்கலைக்கழகம் சில வழிகளைச் சொன்னது. கடைசி உழவில் வேப்பம் பிண்ணாக்கு. வரப்போரம் தட்டைப்பயறு, எள், சூரியகாந்தி. அந்துப்பூச்சியைப் பிடிக்க இனக்கவர்ச்சிப் பொறி. அவற்றில் என்னை யோசிக்க வைத்தது ஒன்று: பத்து வரிசைக்கு ஒரு தடவை 75 சென்டிமீட்டர் இடம் விடுங்கள் என்றார்கள். சோளம் ஆள் உயரம் வளர்ந்துவிட்டால் காட்டுக்குள் நுழைய முடியாது. நுழைய முடியாவிட்டால் நடுக்காட்டில் என்ன நடக்கிறது என்றே தெரியாது. நடந்து போய்ப் பார்க்கவும் குருத்தில் மருந்து விடவும் ஒரு வழி வேண்டும். ஒரு சாண் நிலத்தையும் சும்மா விடாத சம்சாரிக்கு விதைக்காமல் இடம் விடு என்று சொன்னால் கை பதறத்தான் செய்யும். ஆனாலும் விட்டுப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். படைப்புழு ஊரைவிட்டுப் போய்விடவில்லை. வருஷா வருஷம் வருகிறது. அதையும் கணக்கில் சேர்த்துத்தான் விதைக்கிறார்கள்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் தப்பாகிவிடும். பட்டறை போடுவதற்கு முதலில் வெங்காயம் சொந்தமாக இருக்க வேண்டும். காலை ஆறு மணிக்கு மினி வேனில் வந்து இறங்கி, நாள் முழுக்கக் குனிந்து நடுகிற, களை வெட்டுகிற, தாள் அரிகிற பெண்களுக்கு எடுத்துவைக்க என்ன இருக்கிறது? கடன்காரர் வாசலில் நின்றால் பாதி பிரிப்பதா முழுக்கப் பிரிப்பதா என்ற கேள்வியே வராது. வளைவதற்கு இடம் இல்லாதவரைப் பார்த்து வளைந்துகொடு என்று எழுதுவது என்னால் ஆகாது. ஜெயங்கொண்டம் பக்கம் பழுப்பு நிலக்கரித் திட்டத்துக்காக 1990-களில் விவசாயிகளின் நிலங்களைக் கையகப்படுத்தினார்கள். திட்டம் வரும் வரும் என்றார்கள். வரவில்லை. நஷ்டஈட்டு வழக்குகள் வருஷக்கணக்கில் நடந்தன. கடைசியில் நிலத்தை உரியவர்களுக்கே திருப்பித் தருவது என்று அரசு முடிவெடுத்தது. நல்ல முடிவுதான். ஆனால் நடுவில் ஒரு தலைமுறை, இது நம் நிலமா இல்லையா என்று தெரியாமலே முந்திரி பொறுக்கியது. மாற்றம் வந்தால் அதற்கேற்ப மாறிக்கொள்ளலாம். வருகிறேன் வருகிறேன் என்று வாசலிலேயே நிற்கிற மாற்றத்தை என்ன செய்வது? அந்த ஊர்க் கடிதம் வந்தால் நான் முதலில் படிப்பதற்கு இதுதான் காரணம்.

என் சங்கதியையும் சொல்லிவிடுகிறேன். அடுத்தவர் வெங்காயத்தைப் பற்றி இவ்வளவு எழுதுகிற நான் மாற்றம் என்றால் முகம் சுளிக்கிற ஆள். நாற்காலியை இடம் மாற்றிப் போட்டாலே இரண்டு நாள் சரியாக எழுத வராது. ஆனால் மேசையின் இடது டிராயரில் எப்போதும் இரண்டு கட்டுரை இருக்கும். அச்சுக்குப் போகிற ராத்திரி ஒருவர் எழுதி அனுப்பவில்லை, ஒரு விளம்பரம் விலகிவிட்டது, ஒரு பக்கம் காலி என்றால் எடுத்துப் போட. நல்ல கட்டுரைகள், ஆகையால் ஒவ்வொரு மாதமும் போட்டுவிடலாமே என்று கை பரபரக்கும். உதவி ஆசிரியர் கேட்டுக்கொண்டே இருப்பார். போன இதழில் ஒன்று போய்விட்டது. இந்த வாரம் இன்னொன்று தேடி உள்ளே வைத்தாயிற்று.

கடிதம் எழுதுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். முகவரியில் மாவட்டம் எது என்று சந்தேகம் வந்தால் விட்டுவிடுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டோம். பின்கோடு மட்டும் தவறாமல் எழுதுங்கள். 1972-லிருந்து நடப்பில் இருக்கும் எண் அது. தபால் பிரிக்கிறவருக்கு அது போதும். அரியலூர் 621704, பெரம்பலூர் 621212. இத்தனை தடவை மாவட்டத்தைப் பிரித்துச் சேர்த்தபோதும் உங்கள் இதழ் வந்துசேர்ந்தது அந்த ஆறு எண்களால்தான். பழைய பதிவேட்டிலும் அதை மட்டும் யாரும் அடிக்கவில்லை. அரியலூர்ப் பக்கங்களின் ஓரத்தில் இன்னும் இரண்டு விரற்கடை வெள்ளை இருக்கிறது. அதில் எதுவும் எழுதிவிட வேண்டாம் என்று அலுவலகத்தில் சொல்லிவைத்திருக்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்